வீட்டுச் சரக்கும் உடம்பும்: மில் வாசலில் கேட்கும் கேள்விகள்

மாரி மழை விட்டு மாசி வெயில் ஏறியதும் திருகோணமலையில் தூள் திரிக்கும் மில்களுக்கு முன்னால் வாளியும் பையுமாக வரிசை நீளும். சித்திரை வருடப்பிறப்புக்கு முன் வீட்டுத் தூளை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லாருக்கும். தும்மிக்கொண்டே காத்திருக்கும் அந்த வரிசையில் பேச்சு எப்படியும் உடம்பில்தான் வந்து நிற்கும். மஞ்சள் புற்றுநோயைத் தடுக்குமாமே, கறுவாத் தண்ணீர் குடித்தால் மெலியலாமாமே என்று போனில் வந்த செய்திகளை ஒவ்வொருவரும் எடுத்து விடுவார்கள். நான் டொக்டர் இல்லை. இருபது வருடமாக வீட்டுத் தூளில் சமைக்கிறவள், கொஞ்சம் வாசிக்கிறவள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: எங்கள் ஊரில் சரக்கு என்றால் மல்லி, மிளகு, சீரகம். நீங்கள் நினைக்கும் சரக்கு இல்லை.

சரக்குப் போட்டு வீட்டில் சமைப்பது உண்மையிலேயே உடம்புக்கு நல்லதா?

நல்லதுதான். ஆனால் போன் செய்திகள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. முதல் காரணம் உப்பு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டமாக நிரப்பிய ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். கருவாட்டுத் துண்டு ஒன்று, ஊறுகாய், கடைக் கொத்து ரொட்டி என்று போனால் மத்தியானத்துக்குள்ளேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

அம்மாவுக்குப் பிறசர் என்று கிளினிக்கில் சொன்ன வாரம் எனக்கு நல்ல ஞாபகம். கறிகளில் உப்பைப் பாதியாக்கினேன். மூன்று நாள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனார். நாலாம் நாள் அரைத் தேக்கரண்டி சின்னச்சீரகமும் ஏழெட்டு மிளகும் தாச்சியில் வெறுமனே சூடாக்கி, அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கி, இறக்கும் நேரத்தில் பருப்பில் தூவினேன். நெருப்பை நிறுத்திய பிறகு அரைத் தேசிக்காய் பிழிந்தேன். உப்பு அதே பாதிதான். அம்மா இரண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, “இண்டைக்குத்தான் உப்புச் சரியாப் போட்டிருக்கிறாய்” என்றார். நான் வாயே திறக்கவில்லை.

மணமும் உறைப்பும் புளிப்பும் சேர்ந்தால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடாது. சரக்கின் பெரிய நன்மை இதுதான் என்பது என் எண்ணம். இரண்டாவது, சட்டிக்குள் என்ன போனது என்று உங்களுக்குத் தெரியும்: எத்தனை கரண்டி எண்ணெய், எந்தத் தூள், சுவைக்கட்டி போட்டதா இல்லையா. மூன்றாவது, பயற்றங்காயும் கீரையும் பருப்பும் ருசியாக இருந்தால்தான் பிள்ளைகள் தொடுவார்கள். மஞ்சளிலும் மிளகிலும் உள்ள இரசாயனங்களின் நன்மை இதற்கெல்லாம் பிறகுதான் வரிசையில் நிற்கிறது.

மஞ்சள் எல்லா வருத்தத்துக்கும் மருந்தாமே?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மஞ்சளைப் பற்றிப் பேசப்படும் குணங்களில் பெரும்பகுதி குர்குமின் என்ற பொருளுக்கு உரியது. மஞ்சள்தூளில் அது எடைக்கு ஏறக்குறைய 3 சதவீதம். நாலு பேருக்கான கறிக்கு அரைத் தேக்கரண்டி மஞ்சள், அதாவது ஒன்றரை கிராம் போடுகிறோம் என்று வையுங்கள். குர்குமின் 45 மில்லிகிராம். நாலாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினொன்று. மூட்டு வலி போன்றவற்றுக்கு ஆய்வுகளில் கொடுத்துப் பார்க்கும் அளவோ நாளுக்கு 500, 1000 மில்லிகிராம் என்று போகிறது. கறி மஞ்சள் கறிக்குத்தான்.

அதுவும் குர்குமின் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. 1998-ல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரீனை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த அளவு இருபது மடங்கு கூடியது. குர்குமின் கொழுப்பில் கரையும் பொருளும்கூட. மஞ்சளும் மிளகும் தேங்காய்ப்பாலும் ஒன்றாகப் போகும் நம் மரக்கறிக் குழம்பு அந்த வகையில் நல்ல கூட்டுத்தான். ஆனால் ஆய்வில் கொடுத்த அளவையும் நம் சட்டியில் விழும் அளவையும் ஒன்றாக நினைக்கக்கூடாது.

குர்குமின் குளிசை வாங்கிப் போடலாமா?

டொக்டரைக் கேட்காமல் வேண்டாம். செறிவான குர்குமின் குளிசைகளால், அதிலும் மிளகுச் சாறு சேர்த்தவற்றால், ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். வோபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கும் இது இன்னும் கவனமான விஷயம். சிறுநீரகக் கல்லை உண்டாக்கும் ஒக்சலேற் மஞ்சளில் அதிகம். கறியில் போடும் அளவைப் பற்றி இவர்கள் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

பைக்கற் மஞ்சள்தூளை நம்பலாமா?

2020 ஞாபகம் இருக்கும். மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியதும் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போனது. இந்தியாவிலிருந்து கடல்வழியாகக் கடத்தி வந்த மஞ்சள் மூட்டைகள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வந்தது. விலை ஏறினால் கலப்படமும் கூடவே வரும். அரிசி மாவோ கோதுமை மாவோ கலந்தால் காசுதான் நட்டம். நிறமேற்றப் போடும் பொருள்கள்தான் ஆபத்து. பங்களாதேசத்தில் மஞ்சள் பளிச்சென்று இருக்க ஈயக் குரோமேற் பூசியதை 2019-ல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நான் மஞ்சளைக் கிழங்காக வாங்குகிறேன். முறித்துப் பார்த்தால் உள்ளே கடும் செம்மஞ்சளாக இருக்கவேண்டும். வெளியே மட்டும் மினுமினுத்து, கையில் மஞ்சள் பொடியாக ஒட்டினால் வாங்குவதில்லை. அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அரிசிப் பையில் மண் போட்டு நான் நட்ட நாலு கிழங்கு இன்றைக்கும் கிணற்றடியில் படர்ந்து நிற்கிறது. ஒன்பது மாதம் பொறுத்தால், ஒரு வருடத்துக்கு இல்லாவிட்டாலும் ஒரு தவணைத் தூளுக்குக் காணும்.

கறுவாத் தண்ணீர் நாளாந்தம் குடிக்கலாமா?

எந்தக் கறுவா என்பதைப் பொறுத்தது. நம் நாட்டுக் கறுவா மெல்லிய பட்டைகளைப் பல மடிப்பாகச் சுருட்டி, சுருட்டுப்போல இருக்கும், விரலால் நொறுக்கலாம். சீனா, இந்தோனேசியாப் பக்கமிருந்து வரும் கசியா ஒற்றைத் தடிப்புப் பட்டை, முறிக்கக் கை நோகும். கசியாவில் கூமரின் என்ற பொருள் கூட. அளவு மிஞ்சினால் ஈரலுக்குக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் ஒரு நாளுக்கான பாதுகாப்பான அளவு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். நாளும் ஒரு தேக்கரண்டி கசியாத் தூள் குடித்தால் அதைத் தாண்டிவிடலாம். இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகச் சொற்பம். 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீடும் கொடுத்தது.

ஆகவே இங்கே இருக்கும் நமக்கு இது பெரிய கவலை இல்லை. ரொரன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் மச்சாள்மாருக்குத்தான் சொல்லவேண்டும்; அங்கே கடையில் கிடைப்பது பெரும்பாலும் கசியா. தூள் பார்சல் கட்டும்போது நான் நாலு கட்டுக் கறுவாவும் சேர்த்து வைப்பது அதனால்தான். மெலிவதைப் பற்றிக் கேட்டால், கறுவாத் தண்ணீரால் மெலிந்த யாரையும் நான் இன்னும் காணவில்லை. சீனி போட்ட தேநீருக்குப் பதிலாகக் குடித்தால் அந்தச் சீனி மிச்சம்.

வெந்தயம் சீனி வருத்தத்தைக் குறைக்குமா?

சரக்குகளில் ஓரளவு நல்ல சான்று உள்ளது இதற்குத்தான். வெந்தயத்தை ஊறவைத்தால் கொழகொழவென்று வருகிறதே, அது கரையும் நார். குடலில் கூழாக நின்று, சோற்றிலுள்ள சீனி இரத்தத்துக்குள் போகும் வேகத்தைக் குறைக்கும். ஆனால் ஆய்வுகளில் பயன்பட்ட அளவு பெரும்பாலும் நாளுக்கு 5 கிராமோ அதற்கு மேலோ. ஒரு சட்டிச் சொதிக்கு நாம் போடுவது அரைத் தேக்கரண்டி, அதாவது இரண்டு கிராம். அதையும் வீடே பங்கு போடுகிறது. ஊறவைத்துத் தனியாகச் சாப்பிட விரும்பினால் கிளினிக்கில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சீனிக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்து சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். குளிசையை நிறுத்திவிட்டு வெந்தயத்தைப் பிடிப்பது பெரும் பிழை. கர்ப்பிணிகள் கறியில் சேர்ப்பதோடு நிறுத்தவேண்டும்.

செத்தல் மிளகாயால்தான் காஸ்ரிக் வருகிறதா?

வயிற்றுப் புண்ணுக்கு முக்கிய காரணம் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமியும், அடிக்கடி போடும் வலிக் குளிசைகளும். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த அவுஸ்திரேலியர்கள் பரி மார்ஷலுக்கும் ரொபின் வொரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே புண்ணோ நெஞ்செரிவோ இருந்தால் எரிச்சலைக் கிளப்பும். அவரவர் வயிறு அவரவருக்குத் தெரியும்.

உறைப்பு ஒரு சுவையே இல்லை. மிளகாயிலுள்ள கப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனையைத் தட்டிவிடுகிறது, மூளை சுட்டுவிட்டது என்று நினைக்கிறது. தண்ணீர் குடித்து அணையாததும் அதனால்தான்: கப்சைசின் தண்ணீரில் கரையாது. மோரோ தயிரோ வையுங்கள். இன்னொன்று, இந்த மிளகாய் நம் ஊருக்கு வந்ததே போர்த்துக்கேயர் காலத்தில்தான். அதற்கு முன் நம்மவர் உறைப்புக்கு மிளகைத்தான் நம்பினார்கள். மிளகாய் என்ற பேரிலேயே மிளகு இருக்கிறது. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் தூளில் மிளகாயைப் பாதியாக்கி மல்லியைக் கூட்டினால் ஆகாத காரியம் இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவுக்கென்று அப்படி ஒரு சின்னப் போத்தல் தனியாக இருக்கிறது.

தடிமனுக்குக் கொத்தமல்லித் தண்ணீர் உதவுமா?

உதவும், ஆனால் வைரசைக் கொல்வதால் அல்ல. இரண்டு மேசைக்கரண்டி மல்லியை வறுத்து, ஒரு துண்டு வேர்க்கொம்பு (சுக்கு) தட்டிப் போட்டு, நாலு கோப்பைத் தண்ணீரை இரண்டாக வற்றவைத்துக் குடித்தால் சூடு தொண்டைக்கு இதம், மூக்கடைப்பு இளகும், உடம்புக்குத் தேவையான நீர் போகும். தடிமன் தன்பாட்டில் ஒரு கிழமையில் போகும். பச்சை இஞ்சியைவிட வேர்க்கொம்பு காரமாக இருப்பது ஏன் என்று கேட்பார்கள்: காயும்போது இஞ்சியின் ஜிஞ்சரோல் சோகோலாக மாறுகிறது, அதற்குக் காரம் அதிகம். கர்ப்பிணிகளின் ஓங்காளத்துக்கு இஞ்சி உதவும் என்பதற்கு நல்ல சான்றே உண்டு.

அதற்காகச் சரக்கால் எதையும் மாற்றலாம் என்று போகக்கூடாது. 2020 டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் கலந்த ஒரு பாணி கொரோனாவைத் தடுக்கும் என்று ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். நோய் பரவ அதைவிட நல்ல இடம் வேண்டுமா? சாதிக்காய் வட்டிலப்பத்துக்கு ஒரு சிட்டிகை போட்டால் மணம். ஒன்றிரண்டு தேக்கரண்டி விழுங்கினால் நஞ்சு, தலைசுற்றி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும்.

மிளகும் மஞ்சளும் தூக்கலாகப் போட்டால் பழுதாகப் போகும் மீன் சரியாகுமா?

இல்லை. கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது முக்கியமான கேள்வி. சூரை போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் போடாமல் வெயிலில் விட்டால், சதையிலுள்ள ஒரு பொருளைக் கிருமிகள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அது உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. கொறக்காப் புளியும் மிளகும் மணத்தை மறைக்குமே தவிர ஹிஸ்டமினைத் தொடாது. சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு கடிக்கும், நெஞ்சு படபடக்கும்.

வேடிக்கை என்னவென்றால் அப்படிப்பட்ட மீன் வாயில் மிளகு பட்டதுபோல் சுறுசுறுக்கும். எனக்கு ஒருமுறை வந்தது. சூரைக் குழம்பின் முதல் கவளத்திலேயே உதடு சுறுக்கென்றது, மிளகு கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டே முழுத் துண்டையும் தின்றேன். அரை மணி நேரத்தில் முகம் செத்தல் மிளகாய் நிறம். குழம்பில் மிளகே போட்டிருக்கவில்லை என்பது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அதன் பிறகு மத்தியானத்துக்கு மேல் ஐஸ் இல்லாத பெட்டியில் கிடக்கும் சூரையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் கை வைப்பதில்லை.

பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்த கறி கட்டாயமா?

மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு எல்லாம் அம்மியில் பட்டுப்போல் அரைத்து, மிளகாய் இல்லாமல், சின்ன மீனோடு வைக்கும் அந்தக் கறியின் மணத்துக்கே பசி எடுக்கும். களைத்துப்போன பெண்ணுக்குச் சூடான, மென்மையான, புரதமுள்ள சாப்பாடு. நல்லதுதான். உள்ளியும் பெருஞ்சீரகமும் பாலைக் கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பிள்ளை அடிக்கடி குடிப்பதுதான் பாலைக் கூட்டும்.

என் சண்டை பத்தியத்தின் மற்றப் பாதியோடு. தண்ணீரைக் குறை, பழம் தொடாதே, கீரை குளிர் என்று அவளைக் காயவைப்பது. பால் கொடுப்பவளுக்குத் தாகம் கூட, தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். பால்சுறாவையும் அளவோடு வையுங்கள். சுறா வேறு மீன்களைத் தின்று வளர்வதால் பாதரசம் சேரும் இனம். கீரியோ சூடையோ நெத்தலியோ போட்டால் கறியும் ருசி, கவலையும் இல்லை. மாமிமார் ஒத்துக்கொள்ளாவிட்டால் வீட்டுக்கு வரும் மருத்துவமாதைக் கொண்டு சொல்லவையுங்கள். அவர் சொன்னால் எடுபடும்.

குழந்தைக்கு எப்போது சரக்குச் சேர்க்கலாம்?

ஆறு மாதத்தில் சாப்பாடு தொடங்கிய பிறகு ஒரு சிட்டிகை மஞ்சள், சீரகம் போதும். உறைப்பு வேண்டாம். ஒரு வயது வரை உப்பையும் தவிருங்கள். தேன் கூடவே கூடாது.

வீட்டுத் தூளுக்கு என்ன அளவு, எப்படி வறுப்பது?

வீட்டுக்கு வீடு சண்டை இதில்தான். எங்கள் கணக்கு: செத்தல் மிளகாய் அரைக் கிலோ, மல்லி அரைக் கிலோ, மிளகு 100 கிராம், பெருஞ்சீரகம் 100, சின்னச்சீரகம் 50, வெந்தயம் 25, மஞ்சள் 25, இரண்டு கை கறிவேப்பிலை. கிண்ணியாவில் இருக்கும் என் சிநேகிதி ஏலம், கறுவா, கராம்பு, கொஞ்சம் வசுவாசியும் சேர்ப்பாள். இறைச்சிக்கு அவளுடைய தூள்தான் திறம் என்று நானே ஒத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மெல்லிய நெருப்பில். மல்லிக்குப் பொறுமை வேண்டும். நிறத்தைப் பார்க்காமல் மணத்தைப் பாருங்கள், பச்சை வாசம் போய் இனிப்பாக ஒரு வாசம் எழும்பும். வெந்தயம் ஒரு கண்ணிமைப்பில் கறுத்துக் கசந்துவிடும், அதை விட்டு அங்கால் இங்கால் போகக்கூடாது. மிளகாய் கடைசி, காம்பு கிள்ளிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து. ஆஸ்மாக்காரர் அந்த நேரம் வீட்டில் நிற்கவேண்டாம். கருக வறுத்தால் மணம் தரும் எண்ணெய்கள் புகையோடு போய்விடும், கசப்புத்தான் மிஞ்சும். எல்லாம் நன்றாக ஆறிய பிறகே மில்லுக்குக் கொண்டுபோங்கள்.

மாரியில் தூள் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்தால் வெயிலில் போட்டுப் பாவிக்கலாமா?

பூஞ்சணம் பிடித்ததை எறிந்துவிடுங்கள். சரியாகக் காயாத மிளகாயில் வளரும் ஒரு வகைப் பூஞ்சணம் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை விடும். ஈரல் புற்றுநோயோடு தொடர்புள்ள பொருள். வெயிலும் சமையல் சூடும் அதை அழிக்காது. செத்தல் வாங்கும்போதே ஒன்றை முறித்து உள்ளே பாருங்கள், சாம்பல் படிந்திருந்தால் வேண்டாம். கையில் எடுத்துக் குலுக்கினால் விதை கலகலக்கவேண்டும்.

கச்சான் காற்றடிக்கும் ஆடி ஆவணியில் இங்கே எதுவும் இரண்டு நாளில் காய்ந்துவிடும், கார்த்திகையில் எதுவும் காயாது. ஆகவே மாரிக்கு வேண்டியதை ஐப்பசிக்கு முன்பே திரித்து, கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடி, அடுப்புக்கு மேல் தட்டில் இல்லாமல் இருட்டான அலுமாரியில் வையுங்கள். தூள் ஆறு மாதத்தில் மணம் இழக்கத் தொடங்கும். முழுச் சரக்கு வருடக்கணக்கில் நிற்கும். அன்றாடம் எடுக்க ஒரு சின்னப் போத்தல் தனியாக வைத்துக்கொண்டால், கொதிக்கும் சட்டியின் ஆவி பெரிய போத்தலுக்குள் போகாது. ஈரக் கரண்டியைப் போடுகிற ஆள் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது என் கணவர். பெரிய போத்தல் இருக்கும் இடம் அவருக்கு இன்னும் தெரியாது.